ஒச்சம்மாள் மண்டிக்கு வந்த படிக்கட்டு

படிக்கட்டு நடந்து வந்த காலையில் ஒச்சம்மாள் இலைக்கட்டு இறக்க வந்த வேன்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அதனால் அதை முதலில் பார்த்தது அவள் இல்லை, எதிரே டீக்கடை போட்டிருந்த பரமன்தான். அவனும் கையிலிருந்த டீயை ஆற்றி முடித்து, கேட்ட ஆளிடம் நீட்டி, தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துவிட்டு, அதற்கப்புறம்தான், "யக்கா, உன்னயத் தேடி ஆளு வந்திருக்கு" என்று குரல் கொடுத்தான்.

மூன்று மரப்படிகள், ஒரு பக்கம் பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கைப்பிடி, அடியில் நாலு கால். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்னங்கால் இரண்டையும் இழுத்து, டொக் டொக்கென்று பள்ளிக்கூடத்து ரோட்டில் இறங்கி, எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கி வழிவிட்டு, சாக்கடையைப் பார்த்துத் தாண்டி, ஓடைக்கரை ஊர்ச் சந்தையின் ஒரே வாழை இலை மண்டிக்கு முன்னால் வந்து அது நின்றது.

"எவன்டா இத என் வாசல்ல கொண்டாந்து போட்டது?"

"யாரும் போடலக்கா. தானாத்தான் நடந்து வந்துச்சு."

"தானா வந்தது தானா ஓரமா நிக்கட்டும். வண்டி வர்ற வழி."

படிக்கட்டு நகர்ந்து ஓரமாக நின்றது. ஒச்சம்மாள் திரும்பி, நுனி இலை என்று சொல்லிக் கிழிசலை உள்ளே ஒளித்துக் கட்டியிருந்த கட்டைப் பிரித்து, வேன்காரனின் மூஞ்சிக்கு நேரே ஒவ்வொரு கிழிசலாகத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தாள்.

அந்தப் படிக்கட்டை அவளுக்கு முன்பே தெரியும். ஊர்க்கோடியில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் ஓர் அறை உண்டு. யாரும் படுக்காத கட்டில், கேஸ் இல்லாத கேஸ் அடுப்பு, வீடு இல்லாத வெறும் கதவில் நாலு தினுசுத் தாழ்ப்பாள், பிளாஸ்டிக் தக்காளி விற்கிற கடைமேசை, ஏறினால் எங்கேயும் போய்ச் சேராத இந்த மூன்று படி, எல்லாம் அந்த அறைக்குள் இருந்தன. பதினெட்டு வயது ஆனதும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால், வெளியே என்னவெல்லாம் இருக்கிறதோ அதில் கொஞ்சம் கொஞ்சம் உள்ளேயே செய்துவைத்து, ஏறவும் இறங்கவும் பூட்டவும் திறக்கவும் சொத்தைக் காயைத் திருப்பிக் கொடுக்கவும் பழக்கிவிடுவது ஜெனோவா மிஸ்ஸின் வேலை. தொழில்வழிச் சிகிச்சை என்று கதவில் எழுதியிருந்தது. அவ்வளவு நீளத்தை வாயில் போட்டு மெல்ல ஊருக்கு நேரமில்லை, ஓ.டி. மிஸ் என்று சுருக்கிக்கொண்டது.

ஜெனோவா நாகர்கோவில் பக்கத்துப் பெண், குரலை உயர்த்தத் தெரியாதவள். அவளுடைய முறை ஒன்றே ஒன்றுதான். முதலில் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிப்பாள். பிறகு மணிக்கட்டை விட்டு முழங்கையைப் பிடிப்பாள். பிறகு தோளில் இரண்டு விரல் மட்டும் வைப்பாள். பிறகு தொடாமல் பக்கத்தில் நிற்பாள். பிறகு கதவோரம் நிற்பாள். பிறகு அறையிலேயே இருக்கமாட்டாள். பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது வேலை முடிந்திருக்கும்.

"கையப் பிடிச்சுச் சொல்லிக்குடுக்கச் சம்பளம் வாங்குறவங்களப் பாத்திருக்கேன். கைய எடுக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறவள இப்பத்தான் பாக்குறேன்" என்று ஒச்சம்மாள் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"எடுக்கிறதுதான் கஷ்டம்மா" என்றாள் மிஸ்.

"அப்ப எடுக்காத. யாரு எடுக்கச் சொன்னா?"

ஒச்சம்மாள் பேசியே பிழைத்தவள். புருஷன் ஏலத்தோட்டத்து வேலைக்கென்று மலை ஏறிப் போய் அங்கேயே இன்னொரு அடுப்பில் சோறு தின்ன உட்கார்ந்துவிட்ட வருஷம், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, தோப்புக்காரர்கள் கழித்துப்போட்ட வாழை இலையைப் பொறுக்கி இட்லிக் கடைகளுக்கு விற்றவள். இந்த இலை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரனை அந்த இலைக்காகவே கெஞ்சவைக்கிற வித்தையை அடிபட்டு, ஏமாந்து, திட்டு வாங்கி, திருப்பித் திட்டிக் கற்றவள். இன்றைக்கு லாரி ஒட்டி நிற்கிற உயரத்தில் சிமெண்டு மேடை கட்டிய சொந்த மண்டிக்குச் சொந்தக்காரி. இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளைதான் யோகேஸ்வரி. பிறந்தவுடன் அழத் தாமதமானதில் கால் இரண்டும் கத்திரிக்கோல் மாதிரி விறைத்துப்போயிருந்தன, வலது கை எதையாவது பிடித்தால் அது நினைத்தபோதுதான் விடும். பேச்சு மெதுவாக வரும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு டீ ஆறிப்போகும் என்று பரமன் சொல்வான், ஆனால் வந்து நின்றுவிட்ட வார்த்தையை யாராலும் நகர்த்த முடியாது. அதற்கு அந்தப் பிள்ளைக்குச் சந்தர்ப்பம் வாய்த்தால்தானே. முதல் வார்த்தை வெளியே வருவதற்குள் மீதி வாக்கியத்தை ஒச்சம்மாள் சொல்லி முடித்திருப்பாள். தலை சீவுவது அவள், சட்டை மாட்டுவது அவள், சோற்றைப் பிசைந்து வைப்பது அவள், பசிக்கிறது என்று சொல்வதும் அவள்.

பைபாஸ் ரோட்டில் லாரி எடைமேடை வைத்திருந்த காஜா மைதீன் ராவுத்தரிடம் போய் யோகேஸ்வரிக்கு வேலை பேசியது ஜெனோவா மிஸ். வண்டி நம்பரையும் எடையையும் கம்ப்யூட்டரில் தட்டிச் சீட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை; இடது கையில் ஒரு விரல் போதும். ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டு மண்டிக்கே வந்து பேசினார்.

"புள்ள வரட்டும், உக்காரட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா தனியா வரணும். ஒச்சம்மா, கோவிச்சுக்காத, நீ வந்து என் வாசல்ல நின்னேன்னா ஒரு லாரிக்காரன் எடை போட வரமாட்டான்."

"என்னயப் பாத்தா பயமா?"

"எனக்கே பயம்தான். அதான் டீக்கடைப் பக்கமாவே நின்னு பேசுறேன்."

ஒச்சம்மாள் முடியாது என்றாள். இவள் பஸ்ஸில் கால் வைக்கும்போதே டிரைவர் எடுத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்றாள். யோசித்துப் பார்க்கட்டும் என்று ராவுத்தர் ஒரு மாதம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் வராவிட்டால் தன் மச்சினன் மகனை உட்காரவைப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். யோகேஸ்வரி மேடையில் உட்கார்ந்து இலைகளை ஈரத்துணியால் மூடிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது அந்த வாரம்தான். முடிந்ததற்கு மறுநாள் காலையில்தான் படிக்கட்டு நடந்து வந்தது.

ஆகவே அது யோகேஸ்வரிக்காக வந்தது என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பழகிய பிள்ளையைத் தேடி நாய் வருகிறது, கன்றுக்குட்டி வருகிறது, படிக்கட்டு வந்தால் என்ன. ஜெனோவா மிஸ் ஸ்கூட்டியில் வந்து, கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து, மற்றப் பிள்ளைகளுக்கும் வேண்டுமே என்று கவலைப்பட்டு, ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். மறுநாள் பரமன் கடை திறக்கும்போது படிக்கட்டு பழைய இடத்தில் நின்றது, காலெல்லாம் செம்மண். பள்ளிக்கூடத்தில் தச்சரைக் கூப்பிட்டு வேறு மூன்று படி செய்துகொண்டார்கள். அந்தப் புதுப் படி வைத்த இடத்திலேயே இருந்தது.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. நாய்கள் ஒரு நாள் குரைத்துவிட்டு மறுநாள் அதன் அடியில் படுத்துக்கொண்டன. பூக்கட்டுகிற பெண்கள் சரத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டார்கள். தலைவர் சிலைக்கு மாலை போட இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே நாளில் படிக்கட்டைக் கேட்டு வந்து, யாருக்கு முதலில் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டபோது, ஒச்சம்மாள் இரண்டு பேரையும் இலைக்கட்டு இறக்கவைத்துவிட்டு, படி வராது ஏணி எடுத்துக்கிட்டுப் போங்கடா என்று அனுப்பிவைத்தாள். பேரூராட்சியிலிருந்து ஒருவர் வந்து நடைபாதையில் நிரந்தரக் கட்டுமானம் வைக்கக்கூடாது என்றார். நிரந்தரமா என்று நீங்களே கேளுங்கள் என்று அவள் சொல்ல, அவர் அதைச் சுற்றிவந்து, அது இரண்டடி தள்ளி நிற்பதைப் பார்த்து, நடமாடும் பொருள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமையில் யாரோ ஓர் அம்மாள் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது ஒச்சம்மாளுக்கு வந்த கோபத்தில் மண்டிப் புறா எல்லாம் பறந்தன.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. பள்ளிக்கூடத்துச் சாமான். போத்தா அந்தப்பக்கம்!"

திட்டினாலும் அந்தக் குங்குமத்தை அவள் துடைக்கவில்லை.

பஸ்ஸில்தான் கொஞ்சம் சிக்கல் வந்தது. யோகேஸ்வரியை ஏற்றிப் பழக்குகிறேன் என்று மிஸ் சொல்லி, பழக்குவதானால் நானும் வருவேன் என்று ஒச்சம்மாள் சொல்லி, மூன்று பேரும் டவுன் பஸ்ஸுக்குப் போனபோது படிக்கட்டும் பின்னாலேயே வந்தது. வாசலில் ஒட்டி நின்றது. யோகேஸ்வரி அதன்மேல் ஏறி உள்ளே போனதும் தானும் ஏறி நீள சீட்டுப் பக்கம் போய் நின்றது. கண்டக்டர் தெய்வேந்திரன் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்ல. மாற்றுத்திறனாளிக்கு இல்ல, கூட வர்ற துணையாளுக்கும் இல்ல. இதுக்கு என்னா போடுறது? லக்கேஜா?"

"லக்கேஜுன்னா நீதான் தூக்கி வைக்கணும். அது தானா ஏறுது. கண்ணு தெரியலயா?" என்றாள் ஒச்சம்மாள்.

"தானா ஏறுனா ஆளு. ஆளுன்னா ஆம்பளையா பொம்பளையா?"

"நீயே கேட்டுச் சொல்லு."

பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. விஷயம் டெப்போ வரைக்கும் போய், அங்கே ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து யோசித்து, மாற்றுத்திறனாளி ஏறி இறங்க உதவுகிற எதுவும் துணையாள்தான், ஆனால் ஒருவருக்கு ஒரு துணையாள்தான் உண்டு என்று முடிவு சொன்னார். அன்று முதல் யோகேஸ்வரியின் துணையாள் படிக்கட்டு; ஒச்சம்மாள் வெறும் பிரயாணி. அந்த முடிவைக் கேட்டு அவள் யாரையும் திட்டவில்லை என்பதை ஊர் கவனித்தது, ஆனால் என்னவென்று கேட்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

தினமும் போனார்கள். தாய், மகள், படிக்கட்டு. எடைமேடை ஸ்டாப் வரைக்கும் போய் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். தாயும் மகளும் ஒருநாளும் தனித்தனியாக நின்றதில்லை என்பதால், அது யார் பின்னால் வருகிறது என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒச்சம்மாள் இறங்கிவந்தாள். இலைக்கு விலை படிவதுபோல ஒவ்வொன்றாகப் பேசித்தான் இறங்கினாள். செல்போன் கழுத்தில் தொங்க வேண்டும், சரி. இறங்கியதும் மிஸ்டுகால் கொடுக்க வேண்டும், சரி. கடைசியாக, "படி கூடப் போகணும். அது போறதா இருந்தா நான் வரல" என்றாள். ஜெனோவா மிஸ் ஒரு கணம் யோசித்துச் சரி என்றாள். அன்றைக்குச் சாயந்திரம் ஒச்சம்மாள் படிக்கட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஈரத்துணியால் அதன் செம்மண்ணைத் துடைத்துக்கொண்டே, கீழே விட்றாத, கூட்டமா இருந்தா முன்னால போய் நில்லு, எவனாச்சும் இடிச்சா மிதி என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பரமன் பார்த்தான். அவள் தணிந்து பேசி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை யோகேஸ்வரி தானே தலை சீவிக்கொண்டாள். வகிடு கோணலாக வந்தது. ஒச்சம்மாளின் கை சீப்பை நோக்கிப் போய், பாதி வழியில் அவளுடைய முந்தானையையே பிடித்துக்கொண்டு நின்றது. பிள்ளை நாலுகால் ஊன்றுகோலை எடுத்து வைத்து, மண்டி மேடையின் சரிவில் இறங்கி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். கூப்பிடு தூரம்தான்.

படிக்கட்டு நகரவில்லை.

"போ" என்றாள் ஒச்சம்மாள். அது ஒச்சம்மாளின் பக்கத்தில் நின்றது.

"ஏய், உன்னத்தான். புள்ள போகுது பாரு. போ!" கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சுமைதூக்குகிற ஆட்கள் இரண்டு பேர் வந்து தள்ளினார்கள். "நேத்து அவ்வளவு சொன்னேனே, தலைய ஆட்டிக்கிட்டு நின்னியே" என்று கத்தினாள். அது தலையே இல்லாத சாமான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. "பேசினது பேசினதுதான்! பேச்சு மாறுறதுக்கு நீ என்னா மனுசனா?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. வழக்கம்போல ஓரத்தில் நிறுத்தாமல் நடுரோட்டில் நின்றது. தரைக்கும் முதல் படிக்கும் நடுவே ஓர் ஆள் தொடை உயரம். ஏறுகிறவர்கள் ஏறினார்கள். யோகேஸ்வரி வாசலுக்குப் போய், காலைத் தூக்கிப் பார்த்து, எட்டாமல், வலது கையால் வாசல் கம்பியைப் பிடித்தாள்.

ஒச்சம்மாள் ஓடினாள். நாலு எட்டு வைத்திருப்பாள். பின்னாலேயே டொக் டொக்கென்று கேட்டது. அவள் நின்றாள். அதுவும் நின்றது. அவள் இன்னும் ஓர் எட்டு வைத்தாள். அதுவும் ஓர் எட்டு வைத்தது. அவள் மெதுவாக மண்டிப் பக்கம் திரும்பி இரண்டு எட்டு நடந்துபார்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆடு மாதிரி அதுவும் திரும்பி நடந்தது. சந்தை முழுக்க அதைப் பார்த்தது. பரமன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே கையில் வைத்துக்கொண்டு, "யக்கா… அது உன் பின்னாலதான் வந்திருக்கு" என்றான். "அன்னைக்கே சொன்னேனே, உன்னயத் தேடித்தான் வந்திருக்குன்னு."

பஸ் வாசலில் தெய்வேந்திரன் விசிலடிக்கப் போய், அடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"கைய விடும்மா. வண்டி எடுக்கணும்."

"விடாது" என்றாள் யோகேஸ்வரி. ஒரு டீ ஆறுகிற நேரம் போனது. "நான் விட்டாலும்… அது விடாது."

"அப்ப உங்க அம்மாவக் கூப்பிடவா?"

"வேணாம். மேடைக்கு… விடு."

"எந்த மேடை? பஸ் ஸ்டாப்பு இதுதான்மா."

எல்லாரும் காத்திருந்தார்கள். இந்த முறை அவளுடைய வாக்கியத்தை முடித்துவைக்க அங்கே யாரும் இல்லை.

"நீ… ஸ்டாப்புல நிறுத்தல. நடுரோட்டுல… நிறுத்திருக்க. ஸ்டாப்பு அங்கிட்டு இருக்கு. அதுக்குப் பதிலா… எங்க மண்டி மேடையில நிறுத்து. அது உன் வண்டி… உசரம்."

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. "ஆத்தாளுக்கு மேல இருக்காய்யா!" என்றது ஒரு குரல். "புள்ள சரியாத்தானே சொல்லுது, தெனமும் எங்க முட்டியும்தான்யா தேயுது, மேடையில விடச் சொல்லு" என்றது பின்சீட்டுக் கிழவியின் குரல். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்து, அவை எப்போது திறக்கும் என்று கணக்குப் போட்டு, கடைசியில் கியரைப் பின்னுக்குத் தள்ளினார். "சரிம்மா, வர்றேன். கைய எடு."

யோகேஸ்வரி இடது கையால் வலது மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினாள். அந்தப் பின்கட்டு அறையின் தாழ்ப்பாளில் பழகியதுதான். மணிக்கட்டு மடங்கினால் விரல் தளரும். விரல்கள் திறந்தன.

பஸ் பின்னால் வந்து மண்டி மேடையை ஒட்டி நின்றது. மேடைக்கும் பஸ் வாசலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, உயரம் ஒன்றுதான். லாரிக்காக ஒச்சம்மாள் திட்டித் திட்டிக் கட்டவைத்த மேடை அது. யோகேஸ்வரி சரிவில் ஏறி வந்தாள். இலைக்கட்டுகளுக்கு நடுவே வந்தாள். அதற்குள் மேடையில் ஏறி நின்றிருந்த அம்மாவைத் தாண்டி வந்தாள். ஒச்சம்மாளின் வலது கை தானாகத் தூக்கிக்கொண்டு பிள்ளையின் முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றது. இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தேடியபோது பச்சை இரும்புக் கைப்பிடி அதன் கீழே வந்திருந்தது. அவள் அதை இறுகப் பிடித்தாள். யோகேஸ்வரி ஊன்றுகோலை உள்ளே வைத்தாள், ஒரு காலை வைத்தாள், அடுத்த காலை இழுத்தாள். உள்ளே போய்விட்டாள். ஒச்சம்மாளின் வலது கை அந்தரத்தில் நின்றது.

பஸ் போனது. மூன்றாவது ஸ்டாப்பில் பிள்ளை இறங்கியதும் மிஸ்டுகால் வந்தது. ராவுத்தர் வாசலில் நின்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் தப்பவில்லை என்று தலையாட்டியதாகப் பிறகு ஒரு லாரிக்காரன் வந்து சொன்னான்.

ஜெனோவா மிஸ் ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது ஒச்சம்மாள் இன்னும் கைப்பிடியை விடவில்லை. மிஸ் படிக்கட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "எனக்கும் தெரியலம்மா" என்று மட்டும் சொன்னாள். பிறகு, தன் வேலையை வேறு எப்படியும் செய்யத் தெரியாதவள் என்பதால், ஒச்சம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். சந்தை நடுவில், எல்லாரும் பார்க்க, ஒச்சம்மாள் முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாவதில் வைத்தாள். மூன்றாவதில் நின்றாள். அங்கிருந்து பைபாஸ் ரோடு தெரியுமென்று நினைத்தாள். தெரியவில்லை, டீக்கடைத் தகரம்தான் தெரிந்தது.

"எங்கயும் போகலியே இது" என்றாள்.

"போகாது. இறங்குங்க, மறுபடி ஏறலாம்."

அந்த வாரம் முழுக்க, பஸ் மேடையை ஒட்டி நின்றுவிட்டுப் போன பிற்பாடு மிஸ் வந்தாள். கிழவிகளும் கர்ப்பிணிகளும் மூட்டுவலிக்காரர்களும் மேடையில் வந்து ஏறப் பழகியிருந்தார்கள். இலைக்கட்டை மிதிக்காதீங்கடி என்று ஒச்சம்மாள் படியில் நின்றபடியே அவர்களைத் திட்டினாள். அடுத்த வாரம் மிஸ் முழங்கையைப் பிடித்தாள். பிறகு தோளில் இரண்டு விரல் வைத்தாள். பிறகு பரமன் கடையில் நின்று டீ குடித்தாள்.

ஒரு நாள் சாயந்திரம், நுனி இலைக்குள் கிழிசலை ஒளித்துக் கட்டிய அதே வேன்காரன் மறுபடியும் வந்தான். ஒச்சம்மாள் கட்டைப் பிரித்து, ஈரக் கையோடு ஒவ்வொரு கிழிசலாகத் தூக்கி அவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டி, அவன் தோப்பையும் வண்டியையும் அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவனையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசி, அவன் பாதிக் கட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்ட பிறகு மூச்சு வாங்கத் திரும்பினாள்.

மேடையில் யோகேஸ்வரி உட்கார்ந்து, ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு, இடது கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்படி வந்த?"

"பஸ்ஸுல" என்றாள் பிள்ளை.

"எப்ப?"

"நீ… சண்ட போட்டப்ப. இலை காயுது, பாக்கலயா?"

பஸ் வந்ததையும் அவள் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. படிக்கட்டு நின்ற இடம் காலியாகக் கிடந்தது. அடியில் படுத்திருந்த நாய் வெயில் மேலே பட்டதில் எழுந்து சோம்பல் முறித்தது. படிக்கட்டு எப்போது போனது என்று பரமனைக் கேட்டதற்கு, இப்பத்தான், அரிசி ஆலைத் தெரு பக்கம், யாரு வீட்டுக்கோ தெரியல, டிராக்டருக்கு ஒதுங்கி நின்னுதான் போச்சு என்றான். ஒச்சம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வேன்காரன் நைசாக நழுவுவதைக் கவனித்து, "ஏய், எங்கடா போற, மீதிக் கட்டையும் பிரி" என்று அவன் பக்கம் திரும்பினாள்.